வளையம் சேராத குவளை

கண்ணாடிப் பட்டறை, நோவா ஹூட்
1995 மார்ச் 12

அன்புள்ள அக்கா,

உன் இடது காது எப்படி இருக்கிறது? அத்தானுடைய முழங்கால்? இங்கே கூரையிலிருந்து பனி சொட்டத் தொடங்கிவிட்டது. எனக்கு இருமல் போய்விட்டது. நீ அனுப்பிய தைலத்தால் போனதா, அதன் நாற்றத்துக்குப் பயந்து போனதா தெரியவில்லை.

ஓர் உதவி வேண்டும். இந்த மாதம் திராட்சைக் கொடிகளை வெட்டி எரிப்பீர்கள் அல்லவா? அந்தச் சாம்பல் எனக்கு ஒரு சாக்கு வேண்டும், மண் கலக்காமல். சிரிக்காதே. முந்நூறு வருடத்துக்கு முன் இந்தக் காட்டில் கண்ணாடி உருக்கியவர்கள் மணலோடு மரச் சாம்பலைத்தான் கலந்தார்கள். அதனால்தான் அவர்களுடைய குவளைகளுக்கு அந்தப் பச்சை. கடைச்சரக்கை வைத்து அதைக் கொண்டுவர நான் செய்யாத வித்தை இல்லை. வருவதெல்லாம் மருந்துப் பாட்டிலின் பச்சை. கொடிச் சாம்பல் என்ன செய்யும் என்று பார்க்க ஆசை.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. நகர அருங்காட்சியகத்தில் ஒரு பழைய வளையக் குவளை இருக்கிறது. ஒரு சாணுக்கு மேல் உயரம், நேரான உடல், வெளிப்பக்கம் சுற்றிலும் இழை இழையாக வளையங்கள். விருந்தில் அதில் பீர் நிறைத்துக் கைமாற்றுவார்களாம். ஒருவர் ஒரே மூச்சில் குடித்து, பீரின் மட்டம் சரியாக அடுத்த வளையத்தில் நிற்கும்படி நிறுத்தவேண்டும். தவறினால் அதற்கடுத்த வளையம்வரை குடிக்கவேண்டும். அங்கேயும் தவறினால் மேலும் ஒன்று. செப்டம்பரில் வரும் நகர விழாவுக்கு அதே மாதிரி குவளைகள் செய்து தரச் சொல்லி அருங்காட்சியகத்து வாவ்ரோவா அம்மாள் வந்திருந்தார். அலமாரியில் வைக்க அல்ல, குடிக்க.

கண்ணாடி ஊதுவதற்கு ஆளும் கிடைத்துவிட்டார். பெயர் மத்தோஷ். ஐம்பதைத் தொட்ட வயது. மனைவி இறந்து ரொம்ப வருடமாகிறதாம். மூடிப்போன பெரிய தொழிற்சாலையில் மெல்லிய ஒயின் கிண்ணங்கள் ஊதியவர். ஸ்வீடனில் அவருடைய நண்பர் இவருக்கு வேலை தேடுகிறார். அதுவரை, அதாவது நவம்பர் 11, மார்ட்டின் திருநாளன்று நான் உலையை அணைக்கும்வரை, இங்கே இருப்பதாகப் பேச்சு. ராதிம் என்னையும் பட்டறையையும் விட்டுவிட்டுப் பவேரியாவுக்குப் போனதிலிருந்து வருடத்துக்கு ஒருவர் ஊத வருகிறார், போகிறார். எனக்கும் பழகிவிட்டது.

இவரிடம் ஒரே குறை. கையில் கோணல் வராது. அந்தப் பழைய குவளையைக் காட்ட அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். அலமாரிக் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பார்த்தார்.

"முதலாளியம்மா, விளிம்பு சாஞ்சிருக்கு. அடியில காத்துக் குமிழி. எங்க தொழிற்சாலையில இப்படி ஒண்ணு வந்தா அப்பவே உடைச்சிருப்போம்."

"முந்நூறு வருஷம் உடையாம இருந்திருக்கே?"

"அதான் சொல்றேன். யாரோ கவனிக்காம விட்டுட்டாங்க."

சாம்பலுக்காகக் காத்திருக்கும்
ஹெட்வா

*

வினிச்னே
1995 மார்ச் 29

என் தங்கை ஹெட்வாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நடமாடுகிறோம். அத்தான் நொண்டிக்கொண்டு, நான் யார் என்ன சொன்னாலும் "ஆங்?" என்று கேட்டுக்கொண்டு. தொலைபேசியில் கூப்பிடாமல் எழுதினாயே, அதுவே பெரிய காரியம். போன தடவை நீ பேசியது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. நான் கத்தியது மட்டும் தெருவுக்கே கேட்டது.

சாம்பல் கிளம்பிவிட்டது. அது கிளம்பிய கதையைக் கேள். தபால் நிலையத்துக்குப் புதிதாக ஹோலுப் என்றொருவர் வந்திருக்கிறார், ரொம்ப மரியாதைக்காரர். "உள்ள என்னங்க?" என்றார். "சாம்பல்" என்றேன். உடனே தொப்பியைக் கழற்றிவிட்டார். எழுந்து நின்றார். சாக்கின் பருமனைப் பார்த்தவருக்கு முகம் வெளிறியது.

"யாருங்க போயிட்டாங்க?"

உன் அத்தானுக்கு வாய் சும்மா இருக்குமா? "தெக்குச் சரிவு முழுக்க" என்றார்.

அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. தோட்டத்தின் தெற்குச் சரிவில் வெட்டி எரித்த கொடிகள் என்று விளக்கிச் சொன்ன பிறகு கோபம் வந்து, எடையை இரண்டு தடவை போட்டார். கிளம்பும்போதுகூடத் தொப்பியைக் கையில்தான் வைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். ஐம்பது வயது, மனைவி இல்லை, கையில் கோணல் வராது. இதைக் 'குறை' என்று எழுத உலகத்தில் நீ ஒருத்திதான் உண்டு என்றார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே.

உன் அக்கா பிளஜேனா

*

நோவா ஹூட்
1995 ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தெற்குச் சரிவு பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்குள்ள தபால்காரர் தொப்பியைக் கழற்றவில்லை. சாக்கில் ஓட்டை விழுந்து அவருடைய சைக்கிள் முழுக்கச் சாம்பல். திட்டினார்.

ஆனால் நிறம், அக்கா! சலித்து, மணலோடு கலந்து, கண்ணாடி உருக்கும் மூசையில் போட்டோம். ஊதி ஆறவைத்த முதல் குவளையைச் சன்னலில் வைத்துப் பார்த்தேன். கொடியில் பூ உதிர்ந்ததும் பட்டாணி அளவில் பிஞ்சு தொங்குமே, அந்தப் பச்சை. விளிம்பில் மட்டும் கொஞ்சம் தேன் நிறம். உங்கள் தோட்டத்தை உலையில் போட்டால் அதே தோட்டம் திரும்பி வருகிறது.

கோணல் பிரச்சினைதான் பெரும்பாடு. பழசு மாதிரி வேண்டும் என்று நான் சொன்னதால் மத்தோஷ் வேண்டுமென்றே விளிம்பைச் சாய்த்தார், இடுப்பை நசுக்கினார். வாவ்ரோவா அம்மாள் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது குடிகாரன் செஞ்ச மாதிரி இல்லையே. குடிகாரனா நடிக்கிறவன் செஞ்ச மாதிரி இருக்கு. அவங்க என்ன, கோணலா செய்யணும்னு உக்காந்தாங்களா? நேராத்தான் செஞ்சாங்க. மனசுதான் வேற எங்கயோ இருந்துது."

அந்த அம்மாள் இப்படி எதையாவது சொல்லிவிட்டுப் போவார், எனக்கு ஒரு வாரத்துக்கு அதே யோசனையாக இருக்கும். மத்தோஷின் மனது எப்போதும் ஊதுகுழல் முனையில்தான் இருக்கிறது. அதை வேறெங்காவது அனுப்பவேண்டும். வியாழக்கிழமை அவர் ஊதிக்கொண்டிருக்கும்போது, மற்றவர்களெல்லாம் வேலையில் இருப்பவரிடம் பேசவே கூடாது என்பார்களே, நான் பேச்சுக் கொடுத்தேன். வாவ்ரோவா அம்மாள் ஆராயும் பழைய சில்லுகள் எல்லாமே நகர மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பழைய கக்கூஸ் குழியில் கிடைத்தவை என்று சொன்னேன். விருந்தில் உடைந்ததையெல்லாம் அதில்தான் வீசுவார்களாம்.

"அப்ப நாம இவ்வளவு கஷ்டப்பட்டு..." என்று ஆரம்பித்தவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரித்துக்கொண்டே ஊதிய குவளை மிக லேசாக, கூட்டத்தில் நிற்பவர் ஒரு காலுக்கு எடையை மாற்றுவாரே, அப்படிச் சாய்ந்து நின்றது. அதுதான் வேண்டியது.

ஆகவே இனி என் வேலை, அவர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது. தொழில்முறை ஏற்பாடு.

அன்புடன்
ஹெட்வா

*

வினிச்னே
1995 மே 15

தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். கொடிகளில் துளிர் விட்டிருக்கிறது, இந்த வருடம் உறைபனி அடிக்கவில்லை, நாங்கள் நலம்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். நாள் முழுக்க என்னதான் பேசுகிறாய்? சின்ன வயதில் உன்னிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்க அம்மா முட்டை தோசையைக் காட்டுவாள். கக்கூஸ் குழி கதை ஒரு நாளைக்குத்தான் வரும். மீதி நாளுக்கு?

அத்தான் கேட்கச் சொல்கிறார்: அந்தத் தொழில்முறை ஏற்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டா?

பதிலை எதிர்பார்க்கும்
அக்கா

*

நோவா ஹூட்
1995 ஜூலை 2

அன்புள்ள அக்கா,

உன் உடம்பும் அத்தான் உடம்பும் எப்படி? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

இங்கே நல்ல வெயில். காட்டில் அவுரிநெல்லி பழுத்துவிட்டது. பறித்து வந்து மாவுப் பணியாரம் செய்தேன், ரொம்ப நிறைய செய்துவிட்டேன். கூரையில் மூன்று ஓடு மாற்றியாயிற்று. பின்பக்கத்துக் கதவு கிறீச்சிடாமல் மூடுகிறது. சமையலறை மேஜையின் ஆடும் கால்கூட இப்போது ஆடுவதில்லை.

குவளைகளுக்கு வளையம் போடத் தொடங்கிவிட்டோம். சூடான குவளை குழல் முனையில் சுழன்றுகொண்டிருக்கும். நான் கம்பி நுனியில் ஒரு சொட்டு உருகிய கண்ணாடியை எடுத்து வந்து அதன் மேல் தொடவேண்டும். குவளை சுழலச் சுழல அந்தச் சொட்டு இழையாக நீண்டு சுற்றிக்கொள்ளும். ஒரு சுற்று முடிந்து இழையின் முனை தொடங்கிய இடத்தையே வந்து தொடும்போது அறுத்துவிடவேண்டும். என் கை மட்டும் அசையக்கூடாது. மற்றதெல்லாம் தானாக நடக்கும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. மனதில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அந்த ஒரு சுற்றின்போது அடங்கிவிடுகிறது.

வேறு விசேஷம் இல்லை. என்னுடைய நீல ரவிக்கை, காலரில் பூவேலை செய்தது, உன் வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். இருந்தால் அனுப்பு. அவசரமில்லை. ஆனால் மறக்காதே.

அன்புடன்
ஹெட்வா

*

வினிச்னே
1995 ஜூலை 10

ஹெட்வா,

நாங்கள் நலம், நீ நலமா என்று கேட்கமாட்டேன், கடிதத்திலேயே தெரிகிறது.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கூரை ஓடு வந்திருக்கிறது, கதவு வந்திருக்கிறது, மேஜைக் கால்கூட வந்திருக்கிறது. அந்த மனிதர் எங்கே? செத்துவிட்டாரா? சாம்பலை இங்கே ஹோலுப்புக்கு அனுப்பு, தொப்பியைக் கழற்றத் தயாராக இருக்கிறார். சாகவில்லை என்றால், குவளை யார் தயவும் இல்லாமல் அந்தரத்தில் 'சுழன்றுகொண்டிருக்கும்' என்று எழுதுகிறாயே, யாரடி சுழற்றுவது?

ரவிக்கையை அனுப்பியிருக்கிறேன். இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தைத்திருக்கிறேன். உலைக்கு முன்னால் யார் பூவேலை ரவிக்கை போட்டுக்கொள்வார்கள் என்று அத்தான் கேட்டார். நீங்கள் வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா

*

நோவா ஹூட்
1995 ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

ரவிக்கை வந்தது. நன்றி. சரியாக இருக்கிறது. நீங்கள் இருவரும் சுகம்தானே? திராட்சை நிறம் மாறத் தொடங்கியிருக்கும்.

மத்தோஷ் நலமாக இருக்கிறார். கேட்டாயே என்று எழுதுகிறேன்.

குவளைகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஒன்றே ஒன்று கெட்டுப்போனது, தப்பு என்னுடையது. இழை சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் ஏதோ சொன்னார். என் கை நகர்ந்துவிட்டது. கொஞ்சம்தான். ஆனால் முனை தொடங்கிய இடத்துக்கு வந்து சேராமல் அதற்குக் கீழே போய்விட்டது. அறுத்திருக்கலாம், அறுக்கத் தோன்றவில்லை. அவரும் சுழற்றுவதை நிறுத்தவில்லை. இழை வாயிலிருந்து அடிவரை ஒரே சுருளாக ஓடிவிட்டது. வளையமே இல்லை.

உடைத்துப் போட்டுவிடலாம் என்றேன். "இத யார் உடைக்கிறது? கை வச்சுப் பாருங்க" என்று ஆறவைக்கும் சூளையில் வைத்துவிட்டார், கோணலைக் கண்டால் அப்பவே உடைப்பேன் என்ற மனிதர்! வாவ்ரோவா அம்மாளோ அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். அந்தக் காலத்திலேயே அப்படிச் சில உண்டாம். குடிப்பவரை மாட்டிவிடச் செய்தது என்கிறார். சுருளில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது வளையம் ஆகாது. முழுவதையும் குடித்துத்தான் ஆகவேண்டும். விலைக்குக் கேட்டார். தரவில்லை. சமையலறைச் சன்னலில் இருக்கிறது.

ஸ்வீடனிலிருந்து அவருக்குக் கடிதம் வந்துவிட்டது. நல்ல வேலை, வீடும் தருகிறார்கள். டிசம்பரில் சேரவேண்டும். போகட்டுமா என்று என்னிடம் கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன். அவருக்கு நல்லது நடந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஹெட்வா

*

வினிச்னே
1995 ஆகஸ்ட் 26

என் செல்லத் தங்கைக்கு,

கேலி செய்யாமல் எழுதுகிறேன். அத்தானை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கை நகராது. எனக்குத் தெரியும். பத்து வயதில் உன் விரலில் தேனீ கொட்டியபோதுகூட ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் அழுதாய். அவர் என்ன சொன்னார்?

அடுத்தது. 'உங்க இஷ்டம்' என்று நீ சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்தப் பேருந்து நிறுத்தம்தான் ஞாபகம் வந்தது. நானும்தானே அங்கே நின்றேன். அத்தனை பேர் முன்னால் ராதிமின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு "போகாதே" என்றாய். அவன் கையை உதறிவிட்டு ஏறினான். அன்றைக்கு நீ ஒரு முடிவு எடுத்தாய், இனி யாரையும் 'இரு' என்று சொல்வதில்லை என்று. நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு ஒரு காதுதான் கேட்காது, ஹெட்வா, கண் நன்றாகத் தெரியும்.

ராதிமிடம் கேட்டது தப்பில்லை. கேட்ட ஆள்தான் தப்பு. இவர் உன் மேஜைக் காலைச் சரிசெய்தவர்.

கேள்.

அக்கா

*

நோவா ஹூட்
1995 அக்டோபர் 5

அன்புள்ள அக்கா,

ஐந்து வாரமாகப் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை. உன் கடிதத்தை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். அறுவடை முடிந்ததா? திராட்சை ரசம் இனிப்பாக இருக்கிறதா? அத்தான் பீப்பாயில் ஏறாமல் பார்த்துக்கொள்.

நகர விழாவைப் பற்றிச் சொல்கிறேன், நீ சிரிக்கவேண்டும். சதுக்கத்தில் நீள மேஜைகள் போட்டு எங்கள் குவளைகளை வைத்திருந்தார்கள். வெயில் பட்டு மேஜைத் துணி முழுக்கப் பச்சை நிழல்கள். மேயர் முதலில் எடுத்தார். விதியை அவரே ஒலிபெருக்கியில் படித்தார், அவரே முதல் வளையத்தைத் தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். மூன்றாவதில், "இந்த வளையம் நகருது!" என்று புகார். பாதிரியார் எட்டிப் பார்த்து, "வளையம் அங்கயேதான் இருக்கு, நீங்கதான் நகர்றீங்க" என்றார். கடைசியில் ஜெயித்தது கசாப்புக் கடைக்காரர் மனைவி. ஒவ்வொரு தடவையும் இழை போட்ட இடத்தில் அளந்து வைத்ததுபோல நிறுத்தினாள். எப்படி என்று கேட்டதற்கு, "முப்பது வருஷமா புருஷனுக்கு ஊத்திக் குடுக்கிறேன், எனக்குத் தெரியாதா எங்க நிறுத்தணும்னு?" என்றாள்.

மத்தோஷை மேஜைமேல் ஏற்றிவிட்டுக் கைதட்டினார்கள். அவர் கூட்டத்தில் யாரையோ தேடினார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீல ரவிக்கை போட்டிருந்தேன்.

அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு எழுதுகிறேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை. ஒவ்வொரு காலையும் இன்றைக்குக் கேட்டுவிடவேண்டும் என்று முக்காலியில் உட்காருகிறேன். பிறகு காளானைப் பற்றிப் பேசுகிறேன். அவர் பெட்டி கட்டிவிட்டார். பட்டறை வாசலிலேயே வைத்திருக்கிறார், பெரிய பழுப்புப் பெட்டி. போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறேன். இந்த வயதில், சாமான் கட்டியவரிடம் போய்க் கேட்பதற்கு என்ன பெயர் என்று யோசிக்கிறேன். மார்ட்டின் திருநாளன்று உலை அணையும். நீங்கள் வர முடியுமா?

ஹெட்வா

*

நோவா ஹூட்
1995 அக்டோபர் 16

மதிப்புக்குரிய பிளஜேனா அம்மாளுக்கு,

வணக்கம். நாம் சந்தித்ததில்லை. உங்கள் காது, சிரில் ஐயாவின் முழங்கால் இரண்டைப் பற்றியும் தினமும் கேள்விப்படுகிறேன், குணமாகட்டும். நான் உங்கள் தங்கையின் பட்டறையில் ஊதுபவன். எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுக்கவும்.

ஒரு விண்ணப்பம். வருகிற மார்ச்சில் கொடி வெட்டி எரிக்கும்போது ஒரு சாக்குச் சாம்பலை எனக்காக ஒதுக்கி வைக்க முடியுமா? எந்த முகவரிக்கு என்று இப்போது சொல்ல முடியவில்லை. ஸ்வீடனுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. போகட்டுமா என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். என் இஷ்டம் என்றார். ஏப்ரலிலிருந்து என்னிடம் எல்லாவற்றையும் பற்றிப் பேசியிருக்கிறார், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. உலை அவருடையது, வீடு அவருடையது. வேலைக்கு வந்தவன் நானாக 'இருக்கிறேன்' என்று சொன்னால் அது முறையாக இருக்குமா தெரியவில்லை.

நான் எழுதியதை அவரிடம் சொல்லவேண்டாம். சாம்பல் மட்டும் போதும்.

மரியாதையுடன்
மத்தோஷ்

*

வினிச்னே
1995 நவம்பர் 4

ஹெட்வா,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் வர வழியில்லை. மார்ட்டின் திருநாளன்று புது ஒயினைத் திறக்கிறோம். பாதி ஊர் எங்கள் நிலவறையில்தான் இருக்கும். உனக்குத் தெரியாததா?

அதனால் இரண்டு பொருள் அனுப்புகிறேன். ஒன்று, புது ஒயின். சன்னலில் உட்கார்ந்திருக்கிறதே அந்தக் கெட்டுப்போன குவளை, அதில் ஊற்றிக் குடியுங்கள். பாட்டில்களை வைக்கோலில் சுற்றியிருக்கிறேன்.

இரண்டாவது, காலிச் சாக்கு. சுத்தமாகத் துவைத்தது. அதில் ஒரு துணிச்சீட்டு தைத்து முகவரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அடுத்த மார்ச்சில் சாம்பல் யாருக்கு அனுப்புவது, எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவேண்டும். இந்தத் தடவை சரியாக எழுதாவிட்டால் ஹோலுப் வாங்கமாட்டாராம். மத்தோஷிடம் இதை மட்டும் கேட்டு எழுதி அனுப்பு. 'இரு' என்று கேட்கவேண்டாம். சாம்பல் விஷயம், வியாபார விஷயம்.

திருநாள் வாத்தை நன்றாக வேகவிடு. போன தடவை தொடை வேகவில்லை.

அக்கா

*

நோவா ஹூட்
1995 நவம்பர் 13

அன்புள்ள அக்கா, அத்தான்,

நீங்கள் நலமாக இருக்கவேண்டும், ரொம்ப நாள் இருக்கவேண்டும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வாத்துத் தொடை வெந்திருந்தது.

திருநாளன்று காலையில் மூசையில் மிச்சமிருந்த கண்ணாடியை வழித்தெடுத்துவிட்டு உலையை அணைத்தோம். வழக்கமாக அந்த அமைதி எனக்குப் பிடிக்காது. மதியம் வாவ்ரோவா அம்மாளும் வந்தார். வாத்தும் சிவப்புக் கோசும் மாவுருண்டையும் சாப்பிட்டார், எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், இல்லாத வேலை ஒன்றைச் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பிப் போனார்.

நான் குவளையை இறக்கி உங்கள் ஒயினை ஊற்றினேன்.

"எங்க நிறுத்தறது?" என்று மத்தோஷ் கேட்டார்.

"அதுல நிறுத்தறதுக்கு இடம் இல்ல."

"அப்ப முதலாளியம்மாவே முதல்ல."

வாங்கிக் குடித்தேன். கண்ணெதிரே அந்த இழை சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டே போனது, நானும் அதனோடே போனேன். பாதியில் மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. காலிக் குவளையை வைத்துவிட்டு, நீ சொன்னபடியே, சாக்கை எடுத்து மேஜைமேல் போட்டேன். அடுத்த மார்ச்சில் சாம்பலை யார் பெயருக்கு அனுப்புவது என்று அக்கா கேட்கிறாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாள் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம். அது வரவில்லை.

"போகாதீங்க" என்றேன்.

அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். துணிச்சீட்டில் தன் பெயரை எழுதி, அதன் கீழே நோவா ஹூட் என்று நம் வீட்டு முகவரியை எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே என் பெயரையும் சேர்த்தார்.

"அப்ப ஸ்வீடன்?"

"அந்தக் கடுதாசி உலைக்குள்ள போயி ரெண்டு வாரமாச்சு."

"பெட்டி? வாசல்ல மாசக்கணக்கா நிக்குதே, நான் சுத்திக்கிட்டே திரியறேன்?"

"போய்த் தூக்கிப் பாரு."

போனேன். கனமாக இருக்கும் என்று இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது மேலே பறந்து வந்தது, நான் பின்னால் போய் விழுந்தேன். காலி! ஒரு சட்டைகூட இல்லை. "நீ எப்பவாவது கோவத்துல உதைப்பேன்னு பாத்தேன். சுத்திச் சுத்திப் போயிட்டே இருந்த" என்று சொல்லிச் சிரித்து, என்னைத் தூக்கிவிட வந்தவர் அவரும் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் அங்கேயே இருந்து மீதி ஒயினைக் குடித்தோம். அந்தக் குவளையிலேயேதான். முழுக்க.

அவர் உனக்குக் கடிதம் எழுதியதை அப்போதுதான் சொன்னார். இத்தனை நாள் நீ ஒரு வார்த்தை விடாமல் இருந்தாயே! உன் வாயா அது?

பிப்ரவரியில் நகர மண்டபத்தில் எங்கள் கல்யாணம், கொடி வெட்டுவதற்கு முன்னால். இருவரும் வந்தே ஆகவேண்டும். அத்தான் நொண்டிக்கொண்டு ஆடலாம்.

ஆகஸ்டில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. அன்றுவரை என்னை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவார். அன்று, இழை பாதி சுற்றியிருந்தபோது, "ஹெட்வா" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை.

சாக்கை இத்துடன் அனுப்புகிறேன். மார்ச்சில் அதை நிறைத்து எடுத்துப்போகும்போது ஹோலுப் சீட்டில் இரண்டு பெயரைப் பார்த்துவிட்டு மறுபடியும் தொப்பியைக் கழற்றுவார். போட்டுக்கொள்ளச் சொல், அக்கா. யாரும் போகவில்லை என்று சொல்.

உன் ஹெட்வா